நாற்பது தவு

தேவசகாயத்துக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. "சுமாரா" என்று ஒரு வார்த்தை போதும். "சுமாரா எவ்ளோ இருக்கும் மேஸ்திரி?" என்று எவனாவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அன்றைக்கு அவன் பாடு திண்டாட்டம்தான். "சுமாருன்னா இன்னாய்யா? ஒம் பொண்ணுக்குச் சுமாரா ஒரு மாப்புள்ள பாத்துக் கட்டி வெப்பியா?" என்று கையிலிருக்கிற ஸ்பேனரோடு எழுந்து நின்றுவிடுவார். கேட்டவன் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் திரும்பி வரமாட்டான்.

விழுப்புரத்தில் சவுரிராயன் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். கடைசல் மிஷினிலிருந்து என்ஜின் பூட்டுவது வரை எல்லாம் அத்துப்படி. ஆனால் பட்டறைக்கு வருகிற பண்ணைக்காரரையெல்லாம் நிற்கவைத்துத் திட்டினால் எந்த முதலாளி பொறுத்துக்கொள்வார்? "தேவசகாயம், ஒங் கை தங்கம்டா. வாய மட்டும் எங்கனா கழட்டி வெச்சிட்டு வா" என்று சவுரிராயன் சொல்லிப் பார்த்தார். கழட்ட முடியவில்லை. 1960இல் இவரே கும்பிட்டுவிட்டுக் கிளம்பித் திண்டிவனத்தில் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்.

கொட்டகையில் சொத்து என்று சொல்ல ஒரு மைக்ரோமீட்டர் இருந்தது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஒரு தவு. அந்த ஒரு தவு வரைக்கும் அளந்து சொல்லும் கருவி அது. மதராஸில் பழைய சாமான் கடையில் வாங்கியது. அதை மெல்லிசான வேட்டித் துணியில் சுற்றி, தகர டப்பாவில் வைத்து, டப்பாவை மறுபடி துணியில் சுற்றி வைப்பார். "பெத்த புள்ளையக் கூட நீ இப்டித் தூக்கிக்கினு திரிஞ்சதில்ல" என்று அவர் வீட்டுக்காரம்மா சொல்வாள். அதற்கும் கோபம் வரும். அளவில் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்பது ஒன்றுதான் அந்த மனுஷனுக்கு இருந்த கர்வம். தன் வேலையே தப்பாக இருந்தாலும், "ஆறு தவு தப்பு. என் தப்புதான். திரும்பப் பிரிக்கிறேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுப் பிரிப்பார்.

அப்போது கிணற்றுக்குக் கிணறு ஆயில் என்ஜின் வந்துகொண்டிருந்த காலம். கவலை ஏற்றித் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றுவிட்டு என்ஜின் வாங்கினார்கள். வாங்கினவர்கள் அதையும் மாடு மாதிரியே நினைத்ததுதான் தேவசகாயத்துக்குத் தலைவலி. என்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி இறங்கும். உச்சிக்கு ஏறும்போது அதன் தலைக்கும் மூடியாக இருக்கிற ஹெட்டுக்கும் நடுவில் ஒரு சந்து வேண்டும். அந்த ரக என்ஜினுக்கு நாற்பது தவு. தடிப்பான ரவிக்கைத் துணியை நாலாய் மடித்தால் எவ்வளவோ அவ்வளவுதான். சந்து ரொம்பக் குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் போய் முட்டும். டக் டக்கென்று சத்தம் வரும். அப்படியே ஓட்டினால் ஒருநாள் எல்லாம் உடைந்து சிதறும். சந்து கூடினால் என்ஜின் கிளம்பவே கிளம்பாது, புகை கக்கிக்கொண்டு நிற்கும். சிலிண்டருக்கு அடியில் எண்ணெய்க் காகிதத்தில் வெட்டின பேக்கிங்கைக் கூட்டியும் குறைத்தும் அந்த நாற்பதைப் பிடிக்க வேண்டும்.

1964 பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து நடராசன் சைக்கிளில் வந்து கொட்டகை வாசலில் நின்றார்.

"மேஸ்திரி, என்ஜின் டக்கு டக்குன்னு அடிக்குது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

"தை மாசந்தான் பூட்டிக் குடுத்தேன். நாப்பது தவு, சுத்தமா. எப்படி அடிக்கும்?"

"அடிக்குதுங்களே."

அந்த என்ஜின் ஒரு பங்கு என்ஜின். அண்ணன் அப்பாதுரை, அடுத்தவர் நடராசன், கடைசித் தம்பி என்று மூன்று பேருக்கும் பொதுக் கிணறு, பொது என்ஜின். தம்பி இரண்டு வருஷத்துக்கு முன் பாம்பு கடித்துப் போய்விட்டான். அவன் பங்கு இப்போது அவன் பெண்சாதி தையல்நாயகியுடையது. ஆளுக்கு இரண்டு நாள் முறைத் தண்ணீர். அந்த முறையில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள் ஓடும். உன் நாளில் என்ஜின் படுத்துக்கொண்டால் உன் முறை போச்சு. ஆறு நாள் கழித்துத்தான் மறுபடி உனக்கு. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்திலிருந்து அப்படித்தானாம்.

நடராசன் முறை திங்களோடு முடிந்தது. செவ்வாயும் புதனும் தையல்நாயகியின் நாள்.

தேவசகாயம் போய் இறங்கினபோது அவள் கிணற்று மேட்டில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். மேட்டுக் கழனியில் ஒன்றரைக் காணி நெல். பால் பிடிக்கிற பயிர். தரை வாய் பிளந்து கிடந்தது.

"அண்ணே, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஓடிடுமா? இந்த முறை தப்பிடுச்சுன்னா அத்தினியும் பதருதான். வருஷத்துக்குச் சோறு அதுல இருக்குது."

"என்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும். பிரிக்கறதுக்கு முன்னாடி சொல்றதுக்கு நான் இன்னா குறிகாரனா?" என்று அவளிடமும் எரிந்து விழுந்தார். அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துபோனாள்.

அண்ணன் தம்பி இருவரும் போட்டிருந்தது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அது ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் தாங்கும். அதனால் இருவரும் பதற்றமில்லாமல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அளப்பது எப்படியென்றால், இரண்டு துண்டு ஈயக் கம்பியைக் கிரீஸ் தடவிப் பிஸ்டன் தலையில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று ஒட்டவேண்டும். ஹெட்டை மூடி நாலு நட்டையும் ஒரே சீராக இறுக்க வேண்டும். பிளைவீல் என்கிற கனத்த சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் பிஸ்டன் ஏறி ஈயத்தை நசுக்கிவிட்டு இறங்கும். திறந்து, நசுங்கின ஈயத்தை மைக்ரோமீட்டரில் வைத்தால் அந்தக் கனந்தான் சந்து. ஈயம் பொய் சொல்லாது என்பார் தேவசகாயம்.

ஈயம் பதினாறு என்றது.

"பதினாறா!" அவர் சிலிண்டரைக் கழட்டித் தூக்கச் சொன்னார். அடியில் தை மாசம் நாலு காகிதம் வைத்திருந்தார், தன் கையால் வெட்டி, எண்ணி வைத்தது. இப்போது இரண்டுதான் இருந்தது. ஒரு காகிதம் பன்னிரண்டு தவு. கணக்கு துல்லியமாகப் பொருந்தியது.

"யாரு எடுத்தது?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார்.

"எங் கண்ணுல மண்ணத் தூவாதீங்க. காகிதம் எறங்கி நடந்து போயிருக்காது. யாரு எடுத்தது?"

அரை மணி நேரம் கத்தியபிறகு அப்பாதுரை தொண்டையைக் கனைத்தார். மாசி மாசம் அவர் முறையில், ஒலக்கூரில் லாரிக்குக் கிளீனராக இருந்த ஒருத்தனைக் கூட்டிவந்து ஒன்றே ஒன்று எடுத்தாராம். சந்து குறைந்தால் அழுத்தம் கூடுமாம். அழுத்தம் கூடினால் தண்ணீர் ஜாஸ்தி வருமாம்.

"அடப்பாவி, அப்ப நீயுமா?" என்று நடராசன் எழுந்துவிட்டார். போன வாரம் அதே கிளீனர் அவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கிறான். கடங்காரப் பயல் இருவரிடமும் ஒரே வித்தையைக் காட்டிக் கோழிக்கறி சாப்பிட்டுப் போயிருக்கிறான்!

தேவசகாயம் கையிலிருந்த கந்தல் துணியைத் தரையில் அடித்தார். "யோவ், தண்ணி பம்புலேர்ந்து வருதுய்யா! பிஸ்டன் மண்டையிலேர்ந்தா வருது? என்ஜின் சுத்தறது ஒரே வேகம். நீ எத்தினி காகிதம் எடுத்தாலும் ஒரு சொம்புத் தண்ணிகூட வராது. ஒடைஞ்சி போச்சின்னா மூணு பேரும் கெணத்தைப் பாத்துக்கினு ஒக்காந்திருக்க வேண்டியதுதான்." இருவரும் தலையாட்டினார்கள். நம்பினார்கள் என்று தேவசகாயம் நினைத்துக்கொண்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

புதுக் காகிதம் வெட்டி, சிலிண்டரை இறக்கி, ஈயம் வைத்து மூடிவிட்டுக் கை கழுவப் போனார். வந்து பிளைவீலைச் சுற்றித் திறந்தால் ஒரு பக்கம் முப்பத்துமூன்று, ஒரு பக்கம் நாற்பத்தாறு. இது எங்கேயாவது நடக்குமா? மறுபடி மூடினார். தையல்நாயகி ஒரு சொம்பு கேப்பைக் கூழ் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு வந்து திறந்தார். இப்போது நாற்பத்துநாலு, முப்பத்தஞ்சு. பக்கம் மாறிவிட்டது! பிஸ்டனைத் தள்ளுகிற ராடு வளைந்திருக்குமோ என்று எல்லாவற்றையும் பிரித்து ராடை வெளியே எடுத்து அளந்தார். ராடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க இப்படியே போய்விட்டது. பொழுது சாய்ந்ததும் தையல்நாயகி எதுவும் கேட்காமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் கேட்டிருந்தால் இரண்டு திட்டாவது திட்டியிருக்கலாம். கேட்காமல் போனதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை காலையில் ஹெட்டை மூடி இறுக்கிவிட்டு, "பல்லு வெளக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிக் கிணற்றுக்குப் பின்னால் போனவர், பம்பு ரூம் சுவர் ஓட்டை வழியாகப் பார்த்தார்.

அப்பாதுரை மெதுவாக எழுந்துவந்தார். மடியிலிருந்து ஸ்பேனர் எடுத்தார். கிழக்குப் பக்கத்து இரண்டு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு நட்டுக்கு அரைச்சுற்று இறுக்கினார். அவர் கழனி கிழக்கே. அவர் போய் உட்கார்ந்ததும் நடராசன் எழுந்து, இடுப்பில் சொருகியிருந்த அவருடைய ஸ்பேனரை எடுத்து, மேற்குப் பக்கத்தை இறுக்கக் குனிந்தார்.

"டேய்ய்ய்!"

கிணற்றுப் புறாக்கள் எல்லாம் பறந்தன. தேவசகாயம் பல் குச்சியோடு ஓடிவந்து நடராசன் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கிக் கிணற்றில் வீசினார். அப்பாதுரையின் மடியில் கைவிட்டு அதையும் எடுத்து வீசினார். "ஒரு பக்கம் இறுக்கினா ஹெட்டு சாயுதுய்யா! சாஞ்சா ஈயம் எப்டிய்யா ஒரே அளவு காட்டும்? ஒரு நாளு போச்சு. அந்தப் பொம்பளையோட ஒரு நாளு போச்சு! ஒங்களையெல்லாம் பெத்தாங்களா, செஞ்சாங்களா?"

"நம்ம பக்கம் லூசா இருந்தா நம்ம முறையில தண்ணி கொறையுமேன்னு..." என்றார் நடராசன்.

தேவசகாயம் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரையும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். பிறகு யாரையும் கிட்டே சேர்க்காமல் வேலை பார்த்து, சாயங்காலம் நாலு மணிக்கு நாற்பதைப் பிடித்தார். இந்தப் பக்கம் நாற்பது, அந்தப் பக்கம் நாற்பது. ஹேண்டிலைப் போட்டு இரண்டு சுற்று சுற்றினதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி மேட்டுக் கழனிக்கு ஓடியது.

பொழுது சாயும்போது கால்வாசிக் கழனிகூட நனையவில்லை. வெடித்த தரை, போகிற தண்ணீரையெல்லாம் குடித்தது.

"மாமா, ஒரு நாளு விட்டுக் குடுங்க. உங்க மல்லாட்டை தாங்கும். என் நெல்லு தாங்காது" என்று தையல்நாயகி அப்பாதுரையிடம் கேட்டாள்.

"அதெப்டிம்மா? முறைன்னா முறை. விடிஞ்சா என் நாளு. என்ஜின் கெட்டுப் போனதுக்கு நான் இன்னா பண்றது?"

தேவசகாயத்துக்குக் காது மடல் வரை சூடேறியது. கெடுத்ததே இவன்! ஆனால் பங்காளிச் சண்டையில் வெளியாள் வாயைக் கொடுத்தால், நீ யார் கேட்க என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பிறகு அவளுக்கு இன்னும் கஷ்டம். அவர் என்ஜினை நிறுத்தினார். ஹேண்டிலைத் துடைத்தார். துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஹேண்டிலைக் குடுங்க மேஸ்திரி" என்றார் அப்பாதுரை.

"என்ஜினை நான் இன்னும் ஒப்படைக்கல. டெஸ்ட் முடியல."

"அதான் ஓடுதே?"

"ஓடினா ஆச்சா? சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, அளவு நிக்குதான்னு பாக்க வேணாவா? டெஸ்ட்டு ஓடற வரைக்கும் இது என் என்ஜின். படுத்த என்ஜினுக்குத்தான் ஒங்க சட்டம். இதுல யாரு முறையும் கெடையாது. நான் ஒப்படைச்ச அன்னிலேர்ந்து ஒங்க முறையை ஆரம்பிச்சிக்கோங்க."

இது நியாயம்தான். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். அப்பாதுரையால் மறுக்க முடியவில்லை. "சரி, டெஸ்ட்டுத் தண்ணிய என் கொல்லைக்குத் திருப்பிக்கறேன். சும்மா போறதுதானே?" என்றார்.

"திருப்பினேன்னா தெரியும் சேதி! மேட்டுக்கு ஏத்தி டெஸ்ட்டு ஆரம்பிச்சாச்சு. பாதியில பள்ளத்துக்கு மாத்தினா லோடு மாறும். லோடு மாறினா அழுத்தம் மாறும். அழுத்தம் மாறினா..." தேவசகாயம் ஒரு விநாடி நிறுத்தினார். இவ்வளவு பெரிய புளுகு அவர் வாயில் வந்ததே இல்லை. "தண்ணி கொறையும். அப்புறம் எப்பவுமே கொறைச்சலாத்தான் வரும்."

இரண்டு நாளாகத் தொண்டை கிழியச் சொன்ன நிஜத்தில் ஒன்றையாவது இவர்கள் நம்பினார்களா? இதை உடனே நம்பிவிட்டார்கள். "அப்ப வேணாம், வேணாம். மேட்டுக்கே போவட்டும்" என்றார் அப்பாதுரை.

வியாழக்கிழமை விடிந்ததும் என்ஜின் ஓட ஆரம்பித்தது. மத்தியானம் வரை ஓடியது. பாதிக் கழனி நனைந்திருக்கும். நடராசனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஒலக்கூர்க் கிளீனரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"அளந்து காட்டுங்க மேஸ்திரி. அளவு சரியா இருந்தா ஹேண்டிலைக் குடுத்துடணும்."

வேறு வழியில்லை. ஆறவிட்டு, ஹெட்டைத் திறந்து, ஈயம் வைத்து, மூடி, சுற்றி, திறந்தார். நசுங்கின ஈயத்தை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தார். நாற்பது. இன்னொன்றை வைத்தார். அதுவும் நாற்பது. அரைத் தவு முன்னே பின்னே இல்லை. சூடேறி ஆறின என்ஜினில் இப்படி ஒரு பூட்டு அவர் வாழ்நாளில் அமைந்ததில்லை. சவுரிராயன் இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். கிளீனர் கழுத்தை நீட்டிப் பார்த்தான். அந்தக் கோடுகளில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எவ்ளோ மேஸ்திரி?"

கழனியில் தையல்நாயகி மடை திருப்பிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"முப்பத்தாறு" என்றார் தேவசகாயம். அவருக்கே அவர் குரல் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னார். "இந்தப் பக்கம் முப்பத்தாறு. அந்தப் பக்கம் நாப்பத்தி ரெண்டு. சரியா வரல. இன்னும் ஓட்டிப் பாக்கணும்."

"மூணு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று கிளீனர் பயல் சிரித்தான். கூட்டமும் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் அவன் பல் அவன் கைக்கு வந்திருக்கும். தேவசகாயம் குனிந்து ஹெட்டை மூடினார். என்ஜினைக் கிளப்பிவிட்டுப் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிப் பாத்தியும் நிரம்பியது. அவர் வாய்க்கால் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "இப்ப சரியாயிடுச்சு" என்று ஹேண்டிலை அப்பாதுரை கையில் கொடுத்தார்.

பேச்சு அவருக்கு முன்னால் திண்டிவனம் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு நாற்பதைப் பிடிக்க நாலு நாள் எடுத்த மேஸ்திரி என்று நடராசன் டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வைத்தார். 'நாலு நாள் மேஸ்திரி' என்று பேரே ஆகிவிட்டது. வல்லத்திலிருந்து வருவதாகச் சொன்ன இரண்டு என்ஜின் வரவில்லை. வீட்டுக்காரம்மா, "இன்னாதான் நடந்துச்சு அங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் நடக்கல. சோத்தைப் போடு" என்றார். சொல்லலாம்தான். ஆனால் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்ப் பிரம்மதேசத்துக்கு எட்டினால், அந்த இரண்டு நாள் தண்ணீரை அவள் முறையில் கழித்துக்கொள்வார்கள் அந்தப் பங்காளிகள். கழித்துக்கொள்கிறவர்கள்தான்.

சித்திரை கடைசியில் அறுப்பு முடிந்து, திண்டிவனம் ரைஸ் மில்லுக்குத் தையல்நாயகி நெல் கொண்டுவந்தாள். தேவசகாயம் அங்கே பெல்ட்டு மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பார்த்துவிட்டு நேராக வந்தாள்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன். நெல்லு எப்டி?"

"பதினெட்டு மூட்டைண்ணே. பதரே இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் உங்களைக் கேலி பண்றாங்க. நான் பண்ணமாட்டேன். உங்களுக்கு அன்னிக்கி அளவு சரியா வராம போச்சே, அந்தப் புண்ணியத்துலதான் என் நெல்லு பொழைச்சுது. சாமிதான் உங்க கையை அப்டித் தடுமாற வெச்சுது."

தேவசகாயம் அவளையே பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. அடுத்த தபா என்ஜின் பிரிச்சா விழுப்புரத்து ஆளைக் கூப்பிடறதுன்னு மாமாங்க பேசிக்கினாங்க. நானும் சரின்னுட்டேன். அளவு தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லதுதானேண்ணே? வயித்துப் பொழப்பு."

அவர் வாய் திறந்தது. நாற்பது, இந்தப் பக்கம் நாற்பது, அந்தப் பக்கம் நாற்பது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மில்லுக்குள் பிரம்மதேசத்து ஆட்கள் இரண்டு பேர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்மா" என்றார். "அன்னிக்கி எனக்கு வரல."

குனிந்து பெல்ட்டை இழுத்தார். அவள் நெல் அரைக்கப் போனாள்.